பொறுப்பு ஒப்படைப்பு

நாற்காலி கொஞ்சம் இடப்பக்கம் சாயும். பழகிவிடும்.
இரண்டாம் இழுப்பறை திறக்காது;
நான் பதில் போடாத கடிதங்கள் அதில் இருக்கின்றன.
சாவியை அட்லாண்டிக்கில் எறிந்துவிட்டேன்,
கவலை வேண்டாம்.

மத்தோசின்யுஷ் துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கே
மத்தி வந்து இறங்கிவிடும்.
நீங்கள் பத்தரைக்கு வாருங்கள்.
மீன் காத்திருக்கும். அதற்கு வேறு வேலை இல்லை.

மூன்றாம் எந்திரம் ஒரு சத்தம் போடும்,
கடன்காரன் வாசலில் நின்று செருமுவதுபோல.
இருபத்தாறு வருடமாக அதன் பக்கத்தில் நிற்கும் கிராசியெத்
பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்பாள்.
அவளிடம் கேட்டுவிடாதீர்கள்.
கேட்டால் தெரிந்துவிடும்.
தெரிந்துவிட்டால் ஏதாவது செய்யவேண்டி வரும்.
லிஸ்பனிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழையுங்கள்;
அவர் கிராசியெத்திடம் கேட்டு
நாற்பது பக்கத்தில் எழுதித் தருவார்.
எந்திரம் ஆடாமலிருக்க அடியில் வைக்கலாம்.

பதறாத காரியம் சிதறாதாம்.
பதறுங்கள்.
சிதறினால் அள்ள
இரவுமுறையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

டப்பா மூடியிலிருந்து இழுவளையத்தை நீக்கியது
என் முடிவு. டப்பாவுக்கு அரை சென்ட் மிச்சம்.
அதெரித்து மட்டும் கையைத் தூக்கி
'அப்புறம் எப்படித் திறப்பது?' என்றான்.
அன்று மாலையே கிடங்குக்கு மாற்றினேன்.
மற்ற பதினொரு பேரும் தலையாட்டினார்கள்;
அதை 'ஒருமனதாக' என்று எழுதவேண்டும்.
எழுத்து முக்கியம்.

திறக்க முடியாத டப்பாக்கள் நான்கு லட்சம்
திரும்பி வந்தன.
வந்ததையெல்லாம் வரவு என்று கணக்கில் ஏற்றினேன்.
அந்த வருடம் வரவு அமோகம்.
ஒரு கேடயம் கொடுத்தார்கள்.
சுவரில் ஈரம் ஊறும் இடத்தை அதுதான் மறைத்திருக்கிறது,
எடுத்துவிடாதீர்கள்.

பழியை நீங்களே சுமக்கவேண்டாம், முதுகு போய்விடும்.
கடல் இருக்கிறது.
வானிலை இருக்கிறது.
எல்லை தாண்டினால் ஸ்பெயின்காரர்கள் இருக்கிறார்கள்.
யாரும் இல்லாவிட்டால் அதெரித்து இருக்கிறான்.

ஆலை வாசலில் முன்பு பதினான்கு பூனைகள் உட்கார்ந்திருக்கும்.
மின்கட்டணத்துக்காகக் குளிரறையை
இரவில் அணைக்கத் தொடங்கியதிலிருந்து
ஒன்றுகூட வருவதில்லை.
அறிக்கையில் அது வராது.
பூனைக்கென்று கட்டம் ஏதும் இல்லை.

நாளை நான் லிஸ்பன் போகிறேன், தலைமையகம்.
இனி ஐந்து ஆலைகள் என் பொறுப்பு.
மூன்றாம் எந்திரத்தின் சத்தம்
நேற்றிலிருந்து கேட்கவில்லை.
நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
கிராசியெத் மட்டும்
கையுறையைக் கழற்றிவிட்டு
நான்கடி தள்ளி நிற்கிறாள்.