ஹேஸ் பீன்

போன செவ்வாய் ராத்திரி ஏறிய தண்ணீர்.
இன்றைக்கு அடுத்த புதன்.
தலைஞாயிறு கடைத்தெருவில்
என் ஜெராக்ஸ் கடை வாசலில்
முழங்கால் வரை சேறோடு தவமணியக்கா:
"இன்சூரன்ஸ்காரனுக்கு இங்கிலீஷ்லயே அடிங்க."

அடித்தேன்.
வாட்டர் வாஸ் ஸ்டாண்டிங்.
படித்து, தமிழிலும் சொன்னேன்:
தண்ணி நின்னுக்கிட்டிருந்துச்சு.

"இருந்துச்சா?
எங்க வடிஞ்சுது? நீங்க போயி வடிச்சு விட்டீங்களா?"

நியாயம்தான்.
எட்டு நாளா நிக்குது என்றால் நமக்குப் போதும்,
அந்தச் செவ்வாயும் இந்த நிமிஷமும்
ஒரே 'நிக்குது'வில் அடங்கிவிடும்.
அவர்களுக்கு அது போதாது.
அன்று ஏறியது இன்னும் இறங்கவில்லை என்று சொல்ல
ஹேஸ் பீன் வேண்டும்.
பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு மதிப்பெண்.
கோடிட்ட இடம், அவ்வளவுதான்.
இங்கே வாஸ் போட்டால்
'வடிந்த தேதி குறிப்பிடவும்' என்று திரும்பி வரும்,
போன வருஷம் உம்பளச்சேரி ஆளுக்கு வந்த மாதிரி.

மாற்றினேன்.
ஹேஸ் பீன் ஸ்டாண்டிங் ஃபார் எய்ட் டேஸ்.

"வி.ஏ.ஓ. வந்தாரே, அப்பயும் நின்னுச்சு.
வரப்புல நின்னே போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு."
அவர் வந்து போனது முடிந்த கதை.
அந்த வரிக்கு மட்டும் வாஸ் சரி.
அதைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு:
"அவருக்குத் தனித் தண்ணியா?"

கடைசி வரி, நானாகச் சேர்த்தது.
ஐ ஹேவ் பீன் கல்டிவேட்டிங் திஸ் லேண்ட்
ஃபார் நைன்டீன் இயர்ஸ்.

"இது என்ன?"

பத்தொன்பது வருஷமா நீங்க இந்த நிலத்துல
பயிர் வைக்கிறீங்க. இன்னமும் வைக்கிறீங்க.

கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட்டது.
கரண்ட் வந்தது.
எதிரே டீக்கடையில் யாரோ
அரிச்சந்திரா நதியில் உடைப்பு என்றார்கள்,
எந்த ஊர்ப் பக்கம் என்று காதில் விழவில்லை.

"அதுல மட்டும்
மொதல்ல அடிச்சீங்களே, அதைப் போடுங்க."

வாஸா?

"ம். குத்தகைச் சீட்டத் திருப்பிக் குடுத்தாச்சு.
திங்கக்கிழம திருப்பூர் பஸ்."

பேக்ஸ்பேஸை அழுத்திக்கொண்டே இருந்தேன்,
தேவைக்கு மேல் இரண்டு சொல் அழிந்தது.
திரும்ப அடித்தேன்.
ஐ வாஸ் கல்டிவேட்டிங் திஸ் லேண்ட் ஃபார் நைன்டீன் இயர்ஸ்.

இத்தனை வருஷமாக என்று வந்தால்
வாஸ் இங்கே உட்காராது.
ஸ்டெல்லா டீச்சராக இருந்தால்
சிவப்பு மையில் சுழித்திருப்பார்.
கம்ப்யூட்டரும் அடியில் ஒரு பச்சைக் கோடு போட்டது.

அக்கா தாளை
உரமூட்டையின் உள்பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டார்.
பதினைந்து ரூபாய், சில்லறையாக.

கோடு திரையில் அப்படியே இருந்தது.
நான் திருத்தவில்லை.