இரண்டாம் சரணத்துக்கு முன்னால்

அந்தப் பாட்டு ஊருக்கே தெரியும் என்றுதான்
இருபத்தாறு வயது வரை நினைத்திருந்தேன்.

உசிலம்பட்டியில் ஏழு பத்துக்கு எடுக்கும் பஸ்.
கருமாத்தூரில் காலேஜ் பிள்ளைகள் இறங்கியதும்
டிரைவர் ஒச்சப்பன் ரோட்டைவிட்டுக் கண் எடுக்காமல்
மூன்றையும் ஏழையும் அழுத்துவார்.
முப்பத்தேழு.
முதலில் ஒரு புல்லாங்குழல்,
கொஞ்சம் சளி பிடித்த மாதிரி.
பிறகு அவள்:
"முள்ளுல காயுது சேலை, மெல்ல எடு..."

செக்கானூரணியில் மல்லிகைக் கூடைகள் ஏறும்.
எஞ்சின் மேல் இரண்டு, என் காலடியில் ஒன்று.
பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்போது
வாத்தியம் எல்லாம் நின்றுவிடும்.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
பாடுகிறவள் மூச்சை இழுப்பது கேட்கும்.
வெட்டி எறிந்திருக்க வேண்டிய மூச்சு.
நேரமில்லையோ, காசில்லையோ,
விட்டுவிட்டார்கள்.
அந்த மூச்சுக்கு மொத்த பஸ்ஸும் வாயை மூடும்.
போனில் சண்டை போடுகிறவன்கூட
"இரு" என்பான் எதிர்முனையிடம்.

தெற்கு வெளி வீதியில் பேரிங் கடை.
கணக்கு எழுதுகிறேன்.
போன வருஷம் கடை டூர், கொடைக்கானலுக்கு வேன்.
அந்தாக்ஷரியில் எனக்கு "மு" விழுந்தது.
பாடினேன்.
வேனில் யாரும் கூடச் சேரவில்லை.
பின் சீட்டிலிருந்து முதலாளி மகன் ரெங்கராம்,
"அக்கா, சொந்தமா எடுத்துவிடக் கூடாது" என்றான்.
சத்தியம் செய்தேன்.
வத்தலக்குண்டில் சிக்னல் வந்ததும் தேடிப் பார்த்தான்.
இருந்தது.
"நானூத்திப் பன்னெண்டு பேர் பாத்திருக்காங்க" என்று
எல்லாருக்கும் காட்டிச் சிரித்தான்.
எனக்கு அவுட்.

மலை ஏறும் வரை மனக்கணக்குப் போட்டேன்.
நடைக்கு நூறு தலை.
நாளைக்கு நாலு நடை.
தீபாவளி, ஸ்ட்ரைக், டயர் வெடித்த நாள் கழித்து
வருஷத்துக்கு முந்நூறு நாள்.
ஆறு வருஷம்.
ஏழு லட்சத்து இருபதாயிரம்.
அதே தலைகள்தான் திரும்பத் திரும்ப, ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் வந்த ஆளே மறுபடி வந்தால்
எங்கள் கடையில் அதற்கு நஷ்டம் என்றா பெயர்?

கண்டக்டர் தவமணி அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்.
"என்னோட சேத்துப் பதினோரு பேரு.
படம் வந்த வெள்ளிக்கிழமை வைகையில தண்ணி வந்துருச்சு தாயி.
மதுரையே பாலத்துல நின்னுச்சு,
தியேட்டருக்கு எவன் வருவான்?"
வந்த பதினோரு பேரிலும்
முறுக்கு வாங்கப் போனவர்கள் திரும்புவதற்குள்
பாட்டு முடிந்துவிட்டதாம்.
இடைவேளை விட்டதும் முதல் காட்சி அதுதானாம்.

ஆற்றின் மேல் கோபப்பட முடியுமா?
எப்போதோ வருவது.
முறுக்கின் மேல் கோபப்படலாம்.
பட்டேன்.

சித்திரை கழிந்து ஒச்சப்பன் போடி ரூட்டுக்குப் போனார்,
சட்டைப் பையில் முப்பத்தேழோடு.
புது டிரைவருக்கு மீசை இப்போதுதான் முளைக்கிறது.
அவன் போடுகிற பாட்டெல்லாம் நல்ல பாட்டுத்தான்,
குறை சொல்லமாட்டேன்.
வேனில் பாடினால் இருபது பேரும் கூடப் பாடுவார்கள்.

ஒச்சப்பனின் நம்பர் தவமணியிடம் இருக்கிறது.
கேட்கலாம். அனுப்பச் சொல்லலாம்.
காதில் ஒயரை மாட்டிக்கொண்டு
தனியாகக் கேட்பதற்கா?
கேட்கவில்லை.

நேற்று செக்கானூரணியில் கூடைகள் ஏறின.
ஸ்பீக்கரில் எதுவோ உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தது.
பஸ் வளைவில் திரும்பியது.
பூக்கார இருளாயி,
மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தவள்,
பாதியில் நிறுத்தினாள்.
படியில் தொங்கியவன் கம்பியில் போட்ட தாளம்
நின்றது.
தவமணி விசிலை உதட்டில் வைத்தவர்
ஊதவில்லை.

ஒரு மூச்சு நேரம்.

"நாகமலை இறங்குறதெல்லாம் முன்னாடி வா."