பயண அறிக்கை, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்

"கற்றுக்கொண்டவை" என்ற கட்டத்தில்
மூன்று வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
தலைஞாயிறு வேளாண் அலுவலகத்தில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வியட்நாம். ஒன்பது நாள். பன்னிரண்டு விவசாயிகள்.
பாஸ்போர்ட்டில் எனக்கு விழுந்த முதல் முத்திரை
கொஞ்சம் மங்கல்தான்.
ஆனாலும் ஊரில் நாற்பது பேர் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால்
முதல் இரண்டு நாள் ஏமாற்றம்.
திருச்சியில் ஏறி, நடுவில் ஒரு விமானம் மாறி,
ராத்திரி முழுக்கக் காது அடைத்து,
விடிந்ததும் பஸ் திரையை விலக்கினால்
வரப்பு.
வரப்பில் கொக்கு.
கொக்குக்கு அந்தப் பக்கம் டவுசர் போட்ட ஒருத்தர்
மடை வெட்டிக்கொண்டிருந்தார்.
"இதைப் பார்க்கவாய்யா கடன் வாங்கி சூட்கேஸ் எடுத்தேன்"
என்றார் ஆய்மழை உலகநாதன்.

மூன்றாம் நாள் பொறாமை வந்தது.
வருஷத்துக்கு மூன்று போகமாம்.
நாங்கள் ஒரு குறுவைக்கு
மேட்டூரில் எத்தனை அடி என்று
டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்.
அங்கே ஆறு
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது,
பூசணிக்காய்ப் படகுகளையும்
ஒரு செத்த நாயையும் சுமந்துகொண்டு.
அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் மனுஷனுக்குக் கோபம் வருமா?
வந்தது.
போட்டோ எடுக்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சாப்பாடு பற்றி எழுத வேண்டாம் என்கிறார்கள்.
பச்சை இலையைத் தட்டு நிறைய வைத்தார்கள், மென்றோம்.
தயிர் இல்லாமல் தங்கையன் அழாத குறை.

ஆறாம் நாள் லியென் வீடு.
நாற்பது வயசிருக்கும். கடலுக்குப் பக்கத்து ஊர்.
பேனா மாதிரி ஒரு கருவியை வாய்க்காலில் முக்கி
சின்னத் திரையில் வந்த எண்ணைக் காட்டினாள்.
உப்பு.
அப்புறம் நிறையப் பேசினாள், கையை மேற்கே காட்டிக் காட்டி.
அவள் பேச்சை ஒரு பையன் இங்கிலீஷில் சொல்ல
ஜெனிட்டா மேடம் தமிழில் சொன்னார்:
"மேலே இருக்கிறவங்க அணை கட்டிட்டாங்களாம்.
கேட்டா, எங்களுக்கே இல்லைங்கிறாங்களாம்."

ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை.
பிறகு பன்னிரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
தங்கையன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.
எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லியென் முகம் சுருங்கிப்போனது.

"மேடம், சொல்லுங்க மேடம், எங்க கதையும் அதுதான்னு."
மேடம் சொன்னார். பையன் சொன்னான்.
மூன்று மொழி தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தது என்னவோ,
எங்களிடம் ஓர் அணை இருப்பதாகப் புரிந்துகொண்டாள்.
"பெரிய அணையா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அந்தக் கருவியைக் குடிதண்ணீரில் கழுவி
சட்டை ஓரத்தில் துடைத்து மூடி போட்டாள்.
குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி.

திரும்பி வந்து எட்டு நாளாகிறது.
எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களிடம்
நல்லா இருந்தது என்கிறேன்.
சாக்லேட் தீர்ந்ததும் கேட்பது நின்றுவிட்டது.

நேற்று சாயங்காலம்
அரிச்சந்திரா நதிக் கடைமடை ரெகுலேட்டருக்குப் போனேன்.
மேலிருந்து சொட்டு இல்லை.
கீழிருந்து கடல் ஏறி ஷட்டரை முட்டிக்கொண்டிருந்தது.
படியில் இறங்கி விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
கரிப்பு.
எவ்வளவு என்று கேட்டால் எண் இல்லை என்னிடம்.

மேடம் மணி பார்க்கிறார்.
ஒன்று: வயலில் வாத்து விடலாம்.
இரண்டு: வடிகாலைத் தூர்வார வேண்டும்.
மூன்றாவது வரியில்
'லியென்' என்று எழுதி, அடித்து,
'தயிர் கிடைக்கவில்லை' என்று போட்டுக்
கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.