அறுபத்தைந்தாவது பைட்

நண்டுக்குப் பத்துக் கால்.
இதற்கு எட்டு.
குருநகர் நண்டுக் கொம்பனியின் குளிரறைப் பெட்டியில் இருந்து
ஈயத்தை உருக்கிக் கழற்றினேன்.
கஸ்தூரியார் வீதி மேல்மாடியில், மேசை விளக்கின் கீழ்
மல்லாத்தி வைத்தபோதும்
உப்பு மணந்தது.

இரண்டே கம்பி. ஒன்று தாளம் போடும்,
மற்றது பேசும்.
ஐம்பதாம் இலக்கம், இருக்கிறாயா என்று
மைக்ரோகொன்ட்ரோலர் கேட்கும்.
இருந்தால், கம்பியைக் கீழே இழுக்கும்.
அவ்வளவுதான்.
வாய் திறக்காமல் தலையால் சொல்கிற 'ஓம்'.
எழுதிக்கொண்டிருக்கிற வேளையில் மட்டும்
எத்தனை தரம் கூப்பிட்டாலும் இழுக்காது.
ஐந்து மில்லி செக்கன். விட்டுவிட வேண்டும்.

இழுத்தது.

கொம்பனியிடம் ஏற்கெனவே ஒரு கடதாசி இருந்தது,
என் புரோகிராம் இதே சிப்பை வாசித்து அச்சடித்தது:
இரவு ஒன்பது முதல் பத்தரை வரை அறை சூடு.
அறுநூறு கிலோ நண்டு குப்பையில்.
நடுச்சாமம் வரை காவல்: கிளமென்ற்.
கையெழுத்து வாங்கி, சம்பளத்தைப் பிடித்து, அனுப்பிவிட்டார்கள்.
அவருக்குப் பின் காவல் ஏறியது
முதலாளியின் மச்சான்.

அது ஆவணி. இது ஐப்பசி.
பெட்டி பழுதென்று நேற்றுத்தான் என்னிடம் வந்தது.
சும்மா பார்த்தேன்,
புரோகிராம் இல்லாமல், பச்சையாக, பைட் பைட்டாக.
பத்தரைக்கு, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு.
பத்து நாற்பதுக்கு, கீழே பதினெட்டு.
பத்து நிமிடத்தில் பதினாறு பாகை!
அந்தக் கிழட்டுக் கொம்பிரசருக்கு
புனித யாகப்பரே இறங்கி வந்து உதவியிருக்க வேண்டும்.

இந்தச் சிப்பில் பக்கத்துக்கு அறுபத்து நாலு பைட்.
அறுபத்தைந்தாவதைக் கொடுத்தால் பக்கம் திருப்பாது.
கடைசி வரியில் இருந்து கை தானாக மேலேறி
அதே பக்கத்தின் முதல் வரியில்
எழுதியதன் மேலேயே எழுதும்.
பிழையென்று சொல்லாது. அதற்கும் 'ஓம்'தான்.
தரவுத்தாளில் பெட்டி போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.
நான் வாசித்திருக்கிறேன். பென்சிலால் கோடும் இழுத்திருக்கிறேன்.

ஆடியில் நான்தான் மாற்றினேன்:
கரண்ட் போனால் பற்றரியைத் தின்னாதே,
அளவுகளைச் சேர்த்து வை,
கடைசி மூச்சில் ஒரேயடியாக எழுது.
அன்றிரவு பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றரை முடுக்க வேண்டியவர் முடுக்கவில்லை.
நாலு மணிக்குப் பெட்டி, தன் கடைசி மூச்சில்,
இருபத்து நாலு அளவைக் கொட்டியது.
இரண்டு இருபதோடு பக்கம் முடிந்தது.
மிச்சம் பத்தும் மேலே ஏறி
ஒன்பது மணியில் குந்திக்கொண்டன.

அடுத்த பக்கம் முழுக்க எஃப் எஃப், எஃப் எஃப்.
எழுதாத இடம் பூச்சியம் அல்ல;
எல்லா லைற்றும் எரிகிற
ஆளில்லாத வீடு.

கிளமென்ற் கண் விழித்துக் காத்த அந்த ஒன்றரை மணித்தியாலம்
இப்போது எங்கேயும் இல்லை.
பத்தையும் தூக்கி உரிய இடத்தில் வைக்கலாம்,
அவருடையதை நானே பதினெட்டு பதினெட்டாக இட்டு நிரப்பலாம்.
இந்தச் சிப் எதற்கும் மறுக்காது.
எனக்கே பயமாக இருந்தது.
ஏழாம் காலை மின்னோடு சேர்த்து ஒட்டினேன்:
இனி வாசிக்க மட்டும்.

கொம்பனிக்கு மூன்று பக்கக் கடிதம். பதில் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்தபின் அவருடைய வீட்டுக்குப் போனேன்.
முற்றத்தில் ஒரு போட் எஞ்சின்,
யாரோ ஒருவருடையது, திறந்து கிடந்தது.
பக்கம், பைட், பற்றரி என்று
நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார்.

'அப்ப, ஆற்றை பிழை?'

'என்ரை.'

பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
கரியைச் சுரண்டினார், ஊதினார், திரும்பவும் சுரண்டினார்.
ஐந்து மில்லி செக்கன் கடந்து
நிழல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

நான் இரண்டாந்தரம் கூப்பிடவில்லை.