மூலைவிட்டம்

ஷார்ஜா, அபு ஷகாரா, நான்காம் மாடி.
ஒரே ஹாலில் இரண்டு குடும்பம்.
நடுவில் எங்கள் இரண்டு கதவு அலமாரி,
மிச்ச இடத்துக்கு ஒரு திரை.
நகராட்சிக்காரர் வந்தால் அது அலமாரி.
வராத நாளெல்லாம் சுவர்.

கதவுப் பக்கம் எங்களுக்கு.
முதுகுப் பக்கம் லாசருக்கும் புஷ்பலீலாவுக்கும்.

ஊரார் வீட்டு அலமாரிகளைப் பூட்டிக்கொடுப்பது என் வேலை.
என் அலமாரியின் ஜாதகம் எனக்குத் தெரியும்:
பதினாறு மில்லி பார்ட்டிகிள் போர்டு,
அதாவது தூளும் பசையும்,
மேலே தேக்கு நிறத்தில் ஒரு தாள்.
மரமுளை எட்டு, கேம் பூட்டு பன்னிரண்டு,
வீடு மாறிக் கழற்றிப் பூட்டியது மூன்று தடவை.
திருகு போன வழியைத் தேக்கு மன்னிக்கும்.
தூள்பலகை மன்னிக்காது,
ஒவ்வொரு தடவையும் துளை கொஞ்சம் வாய் பிளக்கும்.
இப்போது பாதித் துளைகளில்
திருகைப் பிடித்திருப்பது தீக்குச்சியும் ஃபெவிகாலும்.
குளியலறை ஓரத்துக் கால்
ஆகஸ்டு ஈரத்தில்
டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது.

ஆனாலும் ஆடாமல் நின்றது.
என் கைவேலை என்று நினைத்திருந்தேன்.

போன வெள்ளி
லாசருக்குக் கம்பெனி கணக்கு முடித்தது.
நான் டூட்டி முடிந்து வந்தபோது அவர்கள் இல்லை.
அலமாரி இடப்பக்கம் சாய்ந்து நின்றது,
யாரோ கிசுகிசுப்பதற்குக் காது கொடுப்பதுபோல்.
ஒரு கதவு மூடவில்லை.
என் சட்டைகளுக்கு நடுவே
அவர்களுடைய ஜன்னல் தெரிந்தது.

முதுகுப் பலகையைப் பிடுங்கியிருந்தார்கள்.
மூன்று மில்லி ஹார்டுபோர்டு.
மகள் ஜெஃப்ரினின் ஐந்து வருட உயரம்
பென்சில் கோடுகளாக அதில்தான் இருந்ததாம்.
அந்தப் பட்டையை மட்டும் அறுத்துக் கார்கோவில் போட்டுவிட்டு
மிச்சத்தைக் கீழே குப்பைத்தொட்டியில் சாய்த்திருந்தார்கள்.
புஷ்பலீலாவின் வாய்ஸ் மெசேஜ் விமான நிலையத்திலிருந்து:
'அண்ணே, சும்மா அட்டைதானேன்னு...'

டேப்பை எடுத்தேன்.
ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு,
பிறகு மற்ற மூலையிலிருந்து அதன் எதிர்மூலைக்கு.
இரண்டும் சமமென்றால் சட்டம் நேராக நிற்கிறது.
எனக்கு முப்பத்தொரு மில்லி வித்தியாசம்.
எட்டாம் வகுப்பில் வரைந்த அதே இணைகரம்,
உள்ளே என் துணிகள்.

மூலைமூலையாக நான் முறுக்கிய பூட்டுகள் எல்லாம்
பெட்டி பிரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டன, அவ்வளவுதான்.
சாயாமல் இழுத்துப் பிடித்தது
நான் பார்க்காத பக்கத்தில் ஓர் அட்டை,
அதுவும் அவர்கள் வீட்டுச் சுவராக இருந்துகொண்டு.

சனயாவில் புதுப் பலகை, பதினெட்டு திர்ஹம்.
கயிறு போட்டு நான் இழுக்க
மஃரூஃபா தோளால் முட்டுக்கொடுத்தாள்.
'இன்னும்... இன்னும்... போதும், போதும்!'
மூலைவிட்டங்கள் ஒத்துவந்த அந்த நொடியில் முதல் ஆணி.
பிறகு ஓரம் சுற்றிலும்
அரைச் சாணுக்கு ஒன்று.

நேற்று புதுக் குடும்பம் வந்தது, கடலூர்ப் பக்கம்.
அந்தப் பையன் பலகையைத் தட்டிப் பார்த்துக் கேட்டான்:
'இதுல காலண்டர் மாட்ட ஆணி அடிக்கலாமாண்ணே?'

கூடாது என்று சொல்ல வாயெடுத்தவன்
'ஓரமா அடிங்க' என்றேன்.
'எத்தனை வேணும்னாலும்.'