இருபத்தேழாம் மாடி

கறுப்புத் தாளை நீளநீளமாய் வெட்டினோம்.
மஞ்சள் சதுரங்கள் ஜன்னல்கள் என்றேன்.
நிற்க மறுக்கும் தாளை மடித்துப் பாருங்கோ,
மடிப்புத்தான் அதற்கு முதுகெலும்பு.
ஓவன் கட்டியது பசை காயுமுன் சாய்ந்தது.
"நிலநடுக்கம்" என்று அறிவித்துவிட்டுப்
பால் குடிக்கப் போனான்.

ஸர்மினா கறுப்பைத் தொடவேயில்லை.
வெள்ளைத் தாளை முன்னும் பின்னும்
விசிறிபோல் மடித்துக்கொண்டிருந்தாள்,
நாக்கு நுனி வெளியே.
தீர்ந்ததும் இன்னொன்று ஒட்டினாள். இன்னொன்று.
மேசை முடிந்து, தரைக்கு இறங்கி,
பனிச் சப்பாத்துகளின் வரிசையைத் தாண்டிப் போயிற்று.

கட்டடம் எங்கே, என்றேன்.
இதுதான், என்றாள்.

தோர்ன்கிளிஃபில் அவர்கள் வீட்டு லிஃப்ட்
பழுதாகி மூன்று கிழமை.
பத்தாவதில் அப்பா அரிசி மூட்டையை இறக்குவார்.
பதினாறில் யாரோ வெங்காயம் வதக்குவார்கள்.
இருபதில் அம்மா தம்பியைத் தோள் மாற்றுவாள்.

டொரொன்டோவின் உயரங்களையெல்லாம்
பாடக்குறிப்பில் மீட்டரில் எழுதி வைத்திருந்தேன்.

மற்றவர்களின் கோபுரங்கள் சுவருக்குப் போய்விட்டன.
நான் கதவருகே நிற்கிறேன், கையில் ஒரு முனை.
மறுமுனை தாழ்வாரத்தில்.
குரல் மட்டும் வருகிறது:
"விட்டிடாதேங்கோ டீச்சர்,
இப்பதான் பதினெட்டு."