அடி

ஊலு நகரத்து ஜனவரியில்
மூன்று மணியை யாரும் காலை என்று சொல்வதில்லை.
ஒன்பது மணியையும்தான்.
பனி தள்ளும் வண்டியின் விளக்கு
எதுவரை விழுகிறதோ அதுவரைதான் ஊர்.

அந்த ஊருக்குள் பதினேழு வருடம்
என் தொடையை ஒட்டி ஒரு ஃபிளாஸ்க் வந்தது.
முதல் கோப்பை டிப்போவில்,
இரண்டாவது பாலம் தாண்டியதும்,
மற்றதை எண்ணியதில்லை.
இங்கே யார்தான் எண்ணுகிறார்கள்.
சாவு வீட்டில் காபி, வீடு விற்றால் காபி,
பேச ஒன்றுமில்லை என்றால்
கட்டாயம் காபி.

நவம்பரில் ஓர் இரவு
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது
என் இதயம் ஒரு படியை மறந்தது.
இருட்டில் இறங்குகிறோம்,
இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைக்கிறோம்,
இல்லை,
அப்படி.
பிறகு விட்டதைப் பிடிக்க ஒரே உதை.
தொண்டையில் கேட்டது.
தகட்டைத் தூக்கி, வண்டியை ஓரம் கட்டினேன்.
செத்தாலும் பாதையை அடைத்துக்கொண்டு சாகக்கூடாது.
சாகவில்லை.
நாற்பது நிமிடத் தாமதம் என்று எழுதிக் கொடுத்தேன்.
காரணம்: கண்ணாடியில் உறைபனி.

மார்பில் ஐந்து ஒட்டிகள், இடுப்பில் ஒரு பெட்டி.
நேரம், செய்த வேலை, உணர்ந்தது,
எழுதிவர ஒரு தாள்.

04.10 சரளை தூவினேன். ஒன்றுமில்லை.
06.35 காபி. வலையில் மீன்.
13.00 படுத்தேன். தூக்கத்தின் வாசலில் யாரோ உலுக்கினார்கள்.
13.02 பயந்தேன்.
13.03 பயந்துவிட்டேனே என்று பயந்தேன்.
13.20 மகன் போன் செய்தான். நலம் என்றேன்.
அந்தச் சொல்லில்தான் அதிகம் துள்ளியது.

டாக்டர் நியேமெலா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
கூடுதல் துடிப்புகள். இருநூற்றுப் பன்னிரண்டு.
தீங்கில்லாதவை.
அந்த ஒரு சொல்லை வீடுவரை சுமந்தேன்,
முட்டை அட்டையைச் சுமப்பதுபோல.
இரவில் திறந்தால் பாதி உடைந்திருந்தது.
காபியை விட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள்.
பாருங்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் மண்டைக்குள் எவனோ
குளிர்கால டயர் மாட்டினான்,
ஒவ்வொரு திருகாக, நிதானமாக.
நான்காம் நாள் ஸ்டியரிங்கில் அழுதேன்.
கண் மங்கியதும் வைப்பரைப் போட்டேன், பழக்கம்.
ஒன்பதாம் நாள் காலி டப்பாவை முகர்ந்தேன்.
முகர்வது குடித்த கணக்கில் வராது
என்று நானே தீர்ப்பும் சொன்னேன்.

டிப்போவில் என் கோப்பையில் வெந்நீர்.
ஆவி பறப்பதால் எட்ட இருந்து பார்த்தால் தெரியாது.
ஒளித்து வைத்தேன், திருடியவள்போல,
இரண்டு உள்ளங்கையாலும் மூடி.
பதினேழு வருடத்தில் முதல்முறை
கோப்பையின் அடி தெரிந்தது:
ஒரு நீலப் பூ. இதழொன்று தேய்ந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் ஓஸ்மோ
ஃபிளாஸ்க்கை நீட்டி, நீட்டிய கையோடு நின்று
என் கோப்பைக்குள் பார்த்தார்.
பூவையும் பார்த்திருப்பார்.
'நெஞ்சா?'
தலையாட்டினேன்.
'எனக்குப் பதினோரு வருஷம்.'
அவர் என்னிடம் சொன்ன சொற்களில்
சாலையையோ பனியையோ பற்றி இல்லாதவை
இவ்வளவுதான்.
பிறகு தன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார்,
காபிதான், கன்னங்கரேலென்று.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
ஒரே மூச்சில் குடித்து
வண்டிக்குப் போய்விட்டார்.

துள்ளல் நின்றுவிடவில்லை.
குறைந்ததா, நான் எண்ணுவதில்லை.
பொய். எண்ணுகிறேன். நேற்று ஆறு.
பழி போடக் காபி இல்லாமல் போனதில்
துள்ளும்போது நானும் அதுவும் தனியாக விடப்படுகிறோம்,
லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர்போல.
முன்பு உடனே நாடியைப் பிடிப்பேன்.
இப்போது கியரை மாற்றிவிட்டுப் பிடிக்கிறேன்.

நான்கு ஐம்பதுக்குப் பாலத்தின்மேல்
எதிர்ப்புறமிருந்து ஓஸ்மோவின் மஞ்சள் விளக்கு வரும்.
ஒருமுறை தாழ்த்தி உயர்த்துவார்.
நானும்.
அந்தப் பாலம் குறுகல்.
பக்கக் கண்ணாடிகள் உரசாமல்
நடுவே ஓரடி விட்டுக்
கடக்கிறோம்.